இருவர் வாங்கிய வீடு

சுவர் ஈரமாக இருந்தது. மாடிப்படியை ஒட்டிய உட்சுவர். அதற்குள் குழாய் ஓடவில்லை. மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

அக்காவுக்குப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை. பூச்சைப் படிப்படியாகச் சுரண்டினால் எந்த உரிமையாளர் காலத்தில் எந்த நிறம் அடித்தார்கள் என்று தெரிந்துவிடும். ஊரார் வீடுகளில் செய்ததை இன்று சொந்த வீட்டில் செய்துகொண்டிருந்தாள். அவளும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. நடுவே தடுத்து ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

“சுவருக்குச் சவரம் பண்றியாக்கா?” பக்கத்து அறையில் தரையை உடைத்துக்கொண்டிருந்த தம்பி கத்தினான்.

“உன் மூஞ்சிக்குத்தான் மொதல்ல பண்ணணும். வேலையப் பாருடா.”

மஞ்சள் உரிந்தது. அதன் கீழே, தலை உயரத்தில், விசிறியடித்தாற்போல் கறுத்த கறை. பச்சையை உரித்தாள், அதே இடம், அதே கறை. நீலத்தின் கீழும் இருந்தது, அதில் நான்கைந்து நரைமுடி ஒட்டியிருந்தது, பழஞ்சுண்ணாம்பின் நெடியோடு கசாப்புக்கடை வாடை அடித்தது.

பத்திரங்களைத் தரையில் விரித்தாள். ஐந்து விற்பனை. ஐந்திலும் வாங்கியவர்கள் இருவர்: அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அண்ணன் தங்கை. ஐந்திலும் விற்றவர் ஒருவர். கூட வாங்கியிருந்த மற்றவருடைய இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. வில்லங்கம் ஏதுமில்லை என்று வக்கீல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்டு அது.

காலையில் தம்பி சொன்னது காதில் ஓடியது. “முன்பக்கம் எனக்கு வேணும்க்கா. நல்லபடியா கேக்கறேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சம்மட்டிச் சத்தம் நின்றது.

“டேய்?”

காலடி. ஒன்று. இன்னொன்று. அவள் சுவரோடு ஒண்டினாள்.

வாசற்படியில் வந்து நின்றான். கையில் சம்மட்டி. முகத்தில் ரத்தமே இல்லை.

“வெளிய போயிடலாம்டா. வீடே வேணாம்.”

“அக்கா, அசையாத.”

“கிட்ட வராத!”

“அசையாதன்னு சொல்றேன்ல.” சம்மட்டியை ஓங்கினான். பாய்ந்து வந்தான்.

அவள் கை முந்திக்கொண்டது. சுரண்டும் தகடு அவன் கழுத்தில் இறங்கியது. பிடுங்கினாள். மறுபடி. எலும்பில் உரசியது. பீய்ச்சியடித்த ரத்தம் சுவரில் விழுந்தது. தம்பி சரிந்தான். சம்மட்டி உருண்டது.

அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

“பின்னாலக்கா...” வாயில் குமிழி உடைந்தது. “கை...”

அவள் குனிந்து பார்த்தாள். தகட்டைப் பிடித்திருந்த தன் மணிக்கட்டு. அதைச் சுற்றி ஐந்து விரல்கள். நகமில்லாதவை. சுவருக்குள்ளிருந்து ஒரு கை முழங்கைவரை நீண்டிருந்தது.

தம்பி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

விரல்கள் இறுகின. அவள் கை மெல்ல உயர்ந்தது.