ஆறாவது கோடு

படகில் போன ஐந்து பேருக்கு ஐந்து கோடுகள்தான் வந்திருக்க வேண்டும். திரையில் ஆறு ஓடின.

பிளஃப் துறைமுகத்துச் சிப்பிப் படகுக்காரர்களின் இணையதளம் மெரெயானாவின் பொறுப்பு. அவர்கள் போடும் லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கருவி உண்டு. ஆள் கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே, எத்தனை மீட்டர் கீழே என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். இதுவரை தளத்தில் அது வெறும் எண் பட்டியல். பத்தொன்பது நாளுக்கு முன் அவள் கணவன் டூகல் படகோடு மூழ்கியபோது அந்த எண்களை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான், தளத்தின் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் சார்ட் லைப்ரரியை இன்று சேர்த்தாள். இனி எண்கள் கோடுகளாகக் கண்ணில் படும்.

ஆறாவது கோட்டின் மேல் டூகலின் பெயர் இருந்தது.

நாலரைக்கே கவிந்துவிட்ட குளிர்கால இருட்டில், தகரக் கூரையில் மழை தட்டும் சத்தத்துக்கும், அடுப்பில் ஈரவிறகு சீறும் சத்தத்துக்கும், பக்கத்து அறையில் நாலு வயது மகள் ஐலா தூங்கும் மூச்சுக்கும் நடுவே, அவள் அவன் பதிவை அழித்துவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். கோடு போகவில்லை. முப்பத்தொரு மீட்டர் ஆழத்தில் பத்தொன்பது நாள் அசையாமல் கிடந்த அது, இன்று மதியத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

கூட வேலை செய்யும் ஃபெர்கஸைப் போனில் கூப்பிட்டாள்.

"இந்த வேலய நான் பாக்குறேன்னு எவ்வளவோ சொன்னேன், கேட்டியா நீ?" என்றபடியே அவனும் பக்கத்தைத் திறந்தான்.

"உனக்கும் தெரியுதா?"

"மெரெ, கதவச் சாத்திக்கோ. இதோ வரேன்."

கோடு பூஜ்யத்தைத் தாண்டியது. நான்கு. ஒன்பது. படிப்படியாக, நடந்து வருவதுபோல. அவள் வீடு மேட்டில், இருபத்திரண்டு மீட்டர் உயரத்தில்.

அவள் சாத்தவில்லை. தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலத் திறந்து வைத்தாள். "குளிருமேடா உனக்கு," என்றாள் இருட்டைப் பார்த்து.

யாரும் வரவில்லை. சேற்று வாடை மட்டும் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

முற்றத்தில் இறங்கி வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். கோடு இறங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு. பன்னிரண்டு. அதை ஒட்டி இன்னொரு கோடு. பெயரில்லை.

பக்கத்து அறையில் மூச்சுச் சத்தம் இல்லை.

ஓடினாள். போர்வை கிடந்தது. படுக்கையிலிருந்து வாசல்வரை தரையில் ஈரம்.

திரையில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே பூஜ்யத்தைக் கடந்தன.