எழும்பாத இரும்புக் குண்டு

1999. வெள்ளிக்கிழமை, காலை 8.40. ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடம்.

பிளஸ் டூ தீபா சுவிட்சைத் தட்டினாள். கண்ணாடிக் குழாயின் அடியிலிருந்த இரும்புக் குண்டு அசையவில்லை. மறுபடி தட்டினாள். குண்டு பிடித்துவைத்த பிள்ளையார்தான்.

பத்தரைக்கு மெட்ராஸ் பஸ். மாநில அறிவியல் கண்காட்சிக்கு அவள் செய்த ராக்கெட்டின் மாதிரி வடிவம்தான் இந்தக் குழாய். அணுக்கள் இணைந்து எரியும் சூரிய நெருப்பை எந்தச் சட்டியும் தாங்காது, காந்தம்தான் அதற்குச் சட்டி. அந்த நெருப்பைப் பின்னால் பீய்ச்சினால் விண்கலம் பறக்கும். இதைக் காட்டத்தான், வார்னிஷ் பூசிய செம்புக்கம்பியைக் குழாயில் சுற்றியிருந்தாள். மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சுருள் காந்தமாகும், குண்டு அந்தரத்தில் நிற்கும்.

"கிரண்தான் மேடம்," என்றாள் தீபா, ஆய்வுக்கூட உதவியாளர் ஸ்வர்ணலதாவிடம். "நேத்து சாயந்திரம் கடைசியா இங்க இருந்தவன் அவன். நான் மெட்ராஸ் போவலைன்னா அவன்தான் போவான்."

களம்பூர் ரைஸ்மில்காரர் மகன் கிரணுக்கு முகம் செத்துவிட்டது. "நான் தொடவேயில்லைங்க."

சத்தம் கேட்டு வந்த ஹெட்மாஸ்டர், கிரணுக்கு டி.சி. கிழிப்பதாகக் கத்திவிட்டுப் போனார். ஸ்வர்ணலதா யாரையுமே நம்பவில்லை. சாயந்திரம் பூட்டியவளும் அவள்தான், காலையில் திறந்தவளும் அவள்தான். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மகளைப் பஸ் ஏற்ற வந்த தீபாவின் அப்பா கந்தசாமி வாசலில் நின்றார். பாவு பிணைப்பவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்தால், அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற தொழில். பட்டு வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுத் தொட்டு, விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறம்.

"கடைசியா எப்ப ஓட்டிப் பாத்த?" ஸ்வர்ணலதா தீபாவைக் கேட்டாள்.

"நேத்து காலைல, வீட்ல."

"இங்க?"

"இல்ல மேடம். மத்தியானம் நைனாதான் சைக்கிள்ல கொண்டாந்து வெச்சாரு."

9.05. சுருளைத் தடவிக்கொண்டே வந்த ஸ்வர்ணலதாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. சின்னப் புடைப்பு. நகத்தால் நெம்பினாள். பிளேடால் அறுத்த இரு முனைகளை யாரோ முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். முறுக்கில் சாம்பல்.

"கிரண் அறுத்திருந்தா அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான். அறுத்தவங்களே மனசு மாறிச் சேத்திருக்காங்க, பட்டைச் சேக்கிற மாதிரி. வார்னிஷைச் சுரண்டாம முறுக்கினா கரண்ட் தாண்டாதுன்னு அந்தக் கைக்குத் தெரியல." வாசல் பக்கம் திரும்பினாள். "கந்தசாமி அண்ணா, சொல்லிடுங்க."

அவர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா அறுத்தேன். எந்நேரமும் ஆகாசம், ராக்கெட்டுனு பேசிகினு இருக்குது. மெட்ராஸ் போனா எங்கிட்ட திரும்பி வராதுன்னு பயம். பாதி ரோட்டுல மனசு கேக்கல, சைக்கிள நிறுத்தி முறுக்கிட்டேன். சரியாப்போச்சுன்னு நெனச்சேன்."

"அவனைத் திட்டும்போது வாயத் தொறந்தியா நைனா?" தீபா அப்பாவிடம் சீறினாள். கிரணிடம் போய், "மன்னிச்சுடு," என்றாள். அவன் தலையாட்டினான்.

ஸ்வர்ணலதா கம்பி முனைகளைச் சுரண்டி, கந்தசாமியிடமே நீட்டினாள். "முறுக்குங்க. இந்த வாட்டி சாம்பல் வேணாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்கினார். 9.50. தீபா சுவிட்சைத் தட்டினாள். குண்டு துள்ளி எழும்பி நடுக்குழாயில் நின்றது.

தீபா அப்பாவைப் பார்க்காமலே மாதிரியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"சைக்கிள எடு நைனா, பஸ் போயிடும். பெட்டியக் கிரண் தூக்கிகினு வரட்டும்."