இறுக்கக் கூடாத திருகுகள்

காவேரி பள்ளிப் பையைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஜன்னலோரம் போய் ரேடியோவின் குமிழைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு வெறும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்.

முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திப் பார்த்தாள். பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. காலையில் அவள் கிளம்பும்போது இதே ரேடியோ கணீரென்று செய்தி வாசித்தது.

பேட்டரி கட்டைகளை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி போட்டாள். அதே இரைச்சல்தான். பின்மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்ததும் அவளுடைய காதுகள் இரண்டும் சூடாகிவிட்டன.

ரேடியோவுக்குள் சர்க்கரைக் கட்டி அளவில் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. எந்தத் திருகு எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இப்போது எல்லாம் கீழே இறங்கிக் கிடந்தன. யாரோ நன்றாகத் திருகியிருந்தார்கள்.

"தமிழ்மணி" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. அக்கா கத்தாமல் கூப்பிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று அவள் தம்பிக்குத் தெரியும்.

ஆனால் தமிழ்மணி அன்று பயப்படவில்லை. அவன் இரண்டாம் வகுப்பு. சளி பிடித்திருந்ததால் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

"எல்லாம் லூசா ஆடிட்டு இருந்துச்சுக்கா. நான் நல்லா டைட் பண்ணிட்டேன்."

காவேரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அழுகை இல்லை, கோபம்.

அந்த ரேடியோ அவர்கள் வீட்டு அட்டாலிப் பரணில் கிடந்தது. கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கப் பொருள்களைக் கீழே இறக்கியபோது, பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் அகப்பட்டது. அம்மா நிர்மலா அதை இரும்புக் கடைக்குப் போடச் சொன்னாள். காவேரிதான் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த தகடுகளை எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்தாள். முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தது. அதற்கு மீன் தூண்டில் நரம்பைக் கட்டினாள். ஸ்பீக்கரின் கிழிந்த காகிதத்தில் மெல்லிய தாளை ஒட்டினாள். அம்மாவின் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, விட்டுப்போன கம்பிகளைப் பற்றவைத்தாள். இரண்டு முறை விரலையும் சுட்டுக்கொண்டாள். பள்ளி திறந்து பல வாரம் ஆனபிறகுதான் அது வாய் திறந்து பேசியது.

பேசிய அன்று அம்மா வேலை செய்யும் மாவு மில்லுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே சித்தேரி மலையிலிருந்து திருமால் அண்ணன் வந்திருந்தார். மலையில் சாமை விளைவித்து மில்லுக்குக் கொண்டுவருபவர் அவர். ரேடியோவைக் கேட்டதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமைக் கதிர் முற்றிவிட்டது என்றும், காட்டுப் பன்றிகள் இறங்கி வந்து பாதிச் சாமைக் காட்டை உழுதுவிட்டுப் போய்விட்டன என்றும் சொன்னார். மனிதர் பேசும் சத்தம் கேட்டால் அவை கிட்டே வருவதில்லை. ஆனால் அவர் காடு இருக்கும் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. இந்த மாதிரிப் பழைய ரேடியோ ஒன்று இருந்தால் போதும் என்றார். அறுப்பு முடியும்வரை இதை வைத்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று காவேரி அவரிடம் சொல்லிவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

"அதெல்லாம் டைட் பண்ற திருகு இல்லடா" என்றாள் காவேரி. "ஒவ்வொண்ணும் அதது எடத்துல நின்னாத்தான் ஸ்டேஷன் புடிக்கும். இப்போ ஒண்ணுமே புடிக்காது. எல்லாத்தையும் கெடுத்துட்டே."

தமிழ்மணியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான்.

"பேசாதே. இனிமே எனக்குத் தம்பியே இல்லை."

சாயங்காலம் அம்மா வந்ததும் விஷயம் அவளிடம் போனது. சின்னப் பையன் தெரியாமல் செய்துவிட்டான், விடு கண்ணு என்றாள் அம்மா. காவேரியின் கோபம் இரண்டு மடங்கானது. அவள் அதே வயதில் அம்மாவின் மாவுச் சல்லடையில் மணல் சலித்தபோது யாரும் 'விடு கண்ணு' என்று சொல்லவில்லை. முதுகில்தான் விழுந்தது. ராத்திரி சோற்றைத் தம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தாள். இரைச்சல் கூடியது, குறைந்தது. குரல் வரவில்லை. போனில் வீடியோ தேடினாள். அதில் ஒருவர், இந்தத் திருகுகளை மட்டும் தொடவே கூடாது, தொட்டுவிட்டால் தகுந்த மெஷின் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும் என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். காவேரிக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

கடைவீதியில் போன் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் ரேடியோவைக் கொண்டுபோனாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. போனிலேயே ரேடியோ வருதே பாப்பா, இது எதுக்கு என்று கேட்டார். காவேரி திரும்பி நடந்தாள். வழியில் ஒரு கல்லை எட்டி உதைத்தாள். கால் விரல் வலித்தது. அந்தக் கல்லின் மேலும் கோபம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள்.

வீட்டுக்குள் டியூப்லைட் ஒரு பக்கம் ரீங்காரம் போட்டது. அடுத்த தெருவில் மில் மோட்டார் ஓடியது. இந்த இரைச்சலுக்குள் சன்னமான குரல் எப்படிக் கேட்கும்? கரண்டு கம்பி இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் தூரத்து நிலையங்கள் பலமாகக் கேட்பதை அவள் முன்பே கவனித்திருந்தாள். அந்த நேரத்தில் முயன்றால் ஏதாவது ஒன்று அகப்படும்.

ஆனால் ஒரு கை முள்ளை நகர்த்த வேண்டும். ஒரு கை திருகைத் திருப்ப வேண்டும். இரண்டையும் செய்துகொண்டே ஸ்பீக்கரில் காதை வைக்க வேண்டும். ஒருத்தியால் ஆகாது. அம்மா மில்லிலிருந்து வர நேரமாகும்.

வாசற்படியில் தமிழ்மணி உட்கார்ந்திருந்தான். காவேரி அவன் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, "வா" என்றாள். அவன் செருப்புகூடப் போடாமல் எழுந்து வந்தான்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவன் தலையாட்டினான்.

ஊர்க்கோடியில், மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஒரு பாறை இருந்தது. பக்கத்தில் மின்கம்பம் எதுவும் இல்லை. அங்கே உட்கார்ந்தார்கள். எதிரே சித்தேரி மலை நீலமாகிக்கொண்டிருந்தது. இரும்பு பட்டால் திருகு உடைந்துவிடும் என்பதால் காவேரி மூங்கில் குச்சியைச் சீவி எடுத்து வந்திருந்தாள். தம்பியின் கையில் குமிழைக் கொடுத்து மெதுவாக நகர்த்தச் சொன்னாள். அவள் மஞ்சள் திருகைத் துளித்துளியாகத் திருப்பினாள்.

இரைச்சல். மறுபடியும் இரைச்சல்.

தமிழ்மணி ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்திருந்தான். திடீரென்று ஒரு விரலைத் தூக்கினான்.

"என்ன?"

அவன் தன் வாயைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தான். பேசக் கூடாது என்று சொன்னது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, பேசு" என்றாள்.

"யாரோ பேசறாங்க. ரொம்ப தூரத்துல."

காவேரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். இரைச்சலுக்கு அடியில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"கையை அசைக்காதே. நான் திருப்புறப்ப சத்தம் பெருசாகுதா, சின்னதாகுதான்னு மட்டும் சொல்லு."

"பெருசாகுது. இன்னும் பெருசு. அய்யோ, சின்னதாயிடுச்சு."

அவள் குச்சியைக் கொஞ்சம் பின்னால் திருப்பினாள். மஞ்சள் முடிந்தது. வெள்ளை முடிந்தது. கறுப்புத் திருகின் தலை ஓரத்தில் சில்லு உடைந்திருந்தது. காவேரிக்குப் பழைய கோபம் அப்படியே மேலே வந்தது.

"இது என்ன?"

"அதை முறுக்கும்போது 'நற'ன்னுச்சு. பயந்துபோய் விட்டுட்டேன்."

"எதுக்குடா தொட்டே? உன்னை யாரு கேட்டா?"

தமிழ்மணி குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. மூக்கை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டான்.

"திருமால் அண்ணன் பைக்ல கொண்டு போவாருல்ல. மலை ரோடு பூரா பள்ளம். அன்னைக்கு நாம ஜீப்ல போனப்ப என் தலையே இடிச்சுச்சு. திருகெல்லாம் வழியில கழண்டு வுழுந்துட்டா ரேடியோ பாடாது. பாடலைன்னா பன்னி வந்துடும். அதான்."

காவேரி திருகின் உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனால் அது யார் மேல் என்பதில் குழப்பம் வந்துவிட்டது. அதில் கொஞ்சம் எடுத்து அந்த மலை ரோட்டின் மேல் வைத்தாள்.

"நேத்தே இதைச் சொல்றதுக்கென்ன?"

"நீதான் பேசாதேன்னே."

உடைந்த சில்லுக்கு எதிர்ப்பக்கம் குச்சியை வைத்து அழுத்திப் பார்த்தாள். கறுப்புத் திருகு அசைந்தது. அவ்வளவுதான், குரல் கிணற்றிலிருந்து மேலேறி வந்தது. யாரோ ஒருவர் கன்னடத்தில் கணீரென்று பேசினார். தமிழ்மணி திடுக்கிட்டுக் காதை எடுத்துக்கொண்டான். முள்ளை நகர்த்தியதும் தமிழும் வந்தது. சிவப்புத் திருகு இடம் மாறியதால் நிலையங்கள் எல்லாம் டயலில் வேறு இடத்துக்குப் போயிருந்தன. அதை அவள் இனிமேல் தொடப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் நகப் பாலிஷ் எடுத்து, குரல் பலமாக வரும் இடத்தில் டயலின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு மெழுகுவத்தியை ஏற்றி, ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு மெழுகு விட்டாள். அது ஆறி இறுகியதும் விரலால் தொட்டுப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

"இப்போ ரோட்டுல கழலாதா?" என்றான் தமிழ்மணி.

"கழலாது."

"அப்போ நான் நெனச்சது சரிதானே?"

"மெழுகுவத்தியை அணைச்சுட்டுப் போய்ப் படு."

திங்கட்கிழமை திருமால் அண்ணன் வந்தார். காவேரி பொட்டு வைத்த இடத்தைக் காட்டினாள். அங்கே பலமாகக் கேட்பது கன்னடம்தான், பரவாயில்லையா என்று கேட்டாள். பன்னிக்கு எந்த மொழியும் ஒண்ணுதான் பாப்பா என்றார் அவர். ரேடியோவைத் துண்டில் சுற்றி, வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். அது தெருமுனையில் மறையும்வரை அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வாரம் அவர் மூட்டையோடு மில்லுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பன்றிகள் காட்டோரம்வரை வந்து, நின்று கேட்டுவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டனவாம். மீதிச் சாமை முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டதாம். ஒரு நாள் மாலையில் அவர் மனைவி சென்னம்மாள் காட்டுப் பக்கம் வந்தவள், தன் வீட்டுக்காரர் தனியாக யாரோடு கன்னடம் பேசுகிறார் என்று பயந்தே போனாளாம். அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். மில்லுக்கு எதிரே உள்ள கடையிலிருந்து பிள்ளைகள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மில் வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். தமிழ்மணி அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இன்னும் எம்மேல கோவமாக்கா?"

காவேரி யோசித்தாள். உள்ளே தேடிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இருக்கு."

"எப்போ போகும்?"

"இந்த டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கும்."

தமிழ்மணி தன் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் கையிலிருந்த டீயை இரண்டு கன்னமும் உப்ப ஊதி ஆற்றத் தொடங்கினான்.