திரைக்கு அடியில் தெரிந்த பாதங்கள்

மழை விட்ட மாலையில் லாரி ஓட்டுநர் ஒருவர் அவசரப் பிரிவுக்குத் தனியாக நடந்தே வந்தார். மலத்தோடு ரத்தம் போகிறதாம்.

"எவ்வளவு போச்சு?" டாக்டரம்மா கேட்டாள்.

"கொஞ்சந்தாம்மா. மூலமா இருக்கும். மாத்திரை குடுங்க, போயிடுறேன்."

வெட்கம் பிடுங்கித் தின்ன, சுவரைப் பார்த்தே பேசினார். தனியாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் மழுப்புவார்கள். அவளும் ஒண்டிக்கட்டைதான். வாரக்கணக்காக முட்டிவலி மாத்திரையை மிட்டாய் போல விழுங்கிக்கொண்டிருக்கிறாள், ஏனென்று கேட்க வீட்டில் ஆளில்லை.

படுக்க வைத்துப் பார்த்தாள். நாடி நிதானம், ரத்த அழுத்தமும் பரவாயில்லை. மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தாள்.

துருப்பிடித்த இரும்பின் வாடை வந்தது.

"பொய் சொல்றாரு." திரைக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "கட்டி கட்டியா போகுது. பிரஷர் மாத்திரை போடுறாரு, அதான் நாடி வேகமா ஓடல. நிக்க வச்சுப் பாருங்க."

திரைக்கு அடியில் ஈரமான இரண்டு பாதங்கள். மனைவி பின்னாலேயே வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

நிற்க வைத்ததும் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. மனிதர் துவண்டு அவள் தோளிலேயே சாய்ந்தார். ஊசி, ரத்தம் என்று ஓடியாடியதில் உயிர் தங்கியது.

"உங்க வீட்டம்மா சொல்லலன்னா அனுப்பியிருப்பேன்."

"வீட்டம்மாவா? எனக்குக் கல்யாணமே ஆகலியேம்மா."

திரையை விலக்கினாள். பின்னால் சுவர். ஓர் ஆள் நிற்க அங்கே இடமே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினாள். கழிவறைக்குப் போனாள். பீங்கானில் மறுபடியும் ரத்தச் சிவப்பு; முட்டிவலி மாத்திரையின் வேலை.

"கொஞ்சந்தான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரும்பு வாடை.

கதவிடுக்கில் ஈரமான இரண்டு பாதங்கள்.

"பொய் சொல்லாதீங்க டாக்டர். நாலு நாளா போகுது. எழுந்து நில்லுங்க, பார்ப்போம்."

எழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க ஒருத்தி இருக்கிறாளே என்று அழுகையும் வந்தது.

சுவரைப் பிடித்தபடியே போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அதே அவசரப் பிரிவு, அதே கட்டில். நர்ஸ் பதறிப்போய்க் கேட்டாள்.

"இந்த நிலைமையில தனியாவா வந்தீங்க, டாக்டர்?"

அவள் தலையைத் திருப்பித் திரைக்கு அடியில் பார்த்தாள்.

"இல்ல."