பனியில் நின்ற ஊர் பஸ்

மார்கழிப் பனி ரோட்டை விழுங்கிவிட்டிருந்தது. பஸ், மேகத்துக்குள் வழி தவறி இறங்கிவிட்டதைப் போல வேப்பமரத்தடியில் நின்றிருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாகவல்லிக்கு அது கனவு மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் அடிக்கடி மணியைப் பார்த்தாள். பூந்தமல்லிப் பள்ளியில் இன்று ஓவியப் போட்டி. எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். எதற்கும் கை தூக்காத நாகவல்லி, முதல்முறையாகத் தானே பெயர் கொடுத்திருந்தாள்.

"இன்னா தேவராஜு, வண்டிய எடுப்பியா மாட்டியா? என் பூவெல்லாம் வாடுது" என்று பூக்காரக் குப்பம்மா கத்தினாள்.

"இந்தக் குளிர்ல நாமதான் வாடுவோம், பூ வாடாது" என்றார் கண்டக்டர் ஜேம்ஸ்.

"துலுக்கானம் அண்ணாத்தே இன்னும் வரலியே!" என்றார் டிரைவர் தேவராஜ்.

அது அரசாங்க பஸ் இல்லை. திருவேற்காட்டுக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு எந்த பஸ்ஸும் வரவில்லை. ஊர்க்காரர்களே வீட்டுக்கு வீடு பணம் போட்டு ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார்கள். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் வருகிற ஆள் ஏறாவிட்டால் வண்டி நகராது.

மணி ஏழரை ஆயிற்று.

'போகலாம்' என்று சொல்ல நாகவல்லிக்கு வாய் வரவில்லை. மரக்கடை வேலைக்குப் போகிற துலுக்கானத்தை எப்படி விட்டுவிட்டுப் போவது?

"நான் போய்க் கூட்டிக்கிட்டு வரட்டா, மாமா?" என்று ஜேம்ஸைக் கேட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

பனிக்குள் வீடுகள் மிதந்தன. துலுக்கானத்தின் மனைவி நாகம்மா கதவைத் திறந்தார்.

"அவரா? ஆறு மணிக்கே கெளம்பிட்டாரே! பஸ்ஸுக்குத்தான் போறேன்னாரு."

நாகவல்லி யோசித்தபடியே திரும்பி வந்தாள். ஆறு மணிக்குக் கிளம்பியவர் எங்கே போயிருப்பார்?

பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில், உள்பக்கமாக, வட்டமாய் ஆவி படிந்திருந்தது. வட்டம் பெரிதானது, சுருங்கியது. மறுபடி பெரிதானது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்! ஆனால் அங்கே பூக்கூடைகள்தானே இருக்கின்றன?

அவள் ஏறிப் போய்க் கூடைகளை நகர்த்தினாள். கடைசி சீட்டில், மூக்கு மட்டும் வெளியே தெரியப் போர்த்திக்கொண்டு, துலுக்கானம் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி! உன்ன உள்ளயே வச்சிக்கினு உனக்காவ காத்துகினு கீறோமே!" என்றார் ஜேம்ஸ். இருட்டில் கூடைகளை அடுக்கியவரே அவர்தான்.

துலுக்கானம் கண்ணைக் கசக்கினார். "நேத்து நீங்கல்லாம் எனக்காவ நின்னீங்க. வெக்கமா பூட்ச்சு. அதான் இன்னிக்கு ராத்திரி வண்டி நிக்கிற ஷெட்டுக்கே வந்து மொத ஆளா ஏறிட்டேன். கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. நாகவல்லி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எட்டு மணிக்கு எனக்குப் போட்டி."

"இத மொதல்ல சொல்லக் கூடாதா, பாப்பா?" என்று தேவராஜ் வண்டியைக் கிளப்பினார்.

பஸ் அன்று பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. நேரே பள்ளி வாசலுக்குப் போனது. வாட்ச்மேன் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லா ஜன்னல்களிலிருந்தும் கைகள் நீண்டன.

"யோவ், நிறுத்துய்யா! எங்க ஊட்டுப் பொண்ணு வந்துகினு கீது!" என்று குப்பம்மா போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு நின்றார்.

போட்டி தொடங்கும் மணி அடித்ததும், நாகவல்லி வெள்ளைத் தாளில் முதல் கோட்டை இழுத்தாள்.