பொழுது சாயல, சாப்டு

1963-ல், வேர்க்கடலை அறுவடைச் சமயம். செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குக் கடுப்பு. "மருதேவிக்குப் புத்தி பேதலிச்சிடுச்சி, மெட்ராஸு ஆஸ்பத்திரியில சேக்கணும், நீயும் வா" என்று மாமா தர்மநாதன் ஆள் அனுப்பியிருந்தார். என் அக்காவுக்கா பைத்தியம்? மாமாவுக்கு இன்னொரு கல்யாண ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண்புரை ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"கட்டு போட்டிருந்தப்போ தெனம் ஒரு கை வந்து சோறு ஊட்டுச்சிடா," என்று கிசுகிசுத்தாள். "'பொழுது சாயல, சாப்டு'ன்னு மாமா கொரல்லயே சொல்லும். எனக்காவ கடல மண்டியிலேர்ந்து சீக்கிரம் வர்றாருன்னு நெனச்சேன். இப்ப கேட்டா, வரவே இல்லேங்கறாரு."

நாங்கள் ஜைனர்கள். இருட்டிய பின் வாயில் சோறு வைப்பதில்லை. ராஜகிரி மலை மறைப்பதால் அந்தத் தெருவில் பொழுது எப்போது சாய்ந்தது என்று கண் உள்ளவனுக்கே சரியாகத் தெரியாது. கண் கட்டியவள் யார் சொன்னாலும் நம்பத்தானே வேண்டும்?

"அவளா சாப்ட்டுட்டு ஒளர்றா" என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தேகம் முற்றியது. தீர விசாரிப்பதே மெய் என்பார்களே, விசாரித்துவிடலாம்.

"எலயப் போடுக்கா. என் கண்ணையும் கட்டு. மாமா, நீங்க வாசப்படியில நின்னு பேசினே இருங்க."

மாமா கடலை விலை பேச ஆரம்பித்தார். வெளியே காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. எங்கிருந்தோ ஈரப் பாறையின் வாடை வந்தது.

உதட்டில் சோறு பட்டது.

"பொழுது சாயல, சாப்டு."

காதோரம் மாமாவின் குரல்.

வாசலிலும் மாமாவின் குரல்.

பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. மறுகையால் கண்கட்டை உருவினேன்.

எதிரே யாரும் இல்லை.

என் விரல்கள் வெறும் காற்றை வளைத்துப் பிடித்திருந்தன. இறுக்கிப் பார்த்தேன், மூடவில்லை. உள்ளே நாடி துடித்தது. கண் இல்லை என்கிறது, கை இருக்கிறது என்கிறது. ஐயோ, நான் எதை நம்புவேன்?

"இன்னாடா, கைய அப்டி வெச்சினு இருக்கே?" என்றார் மாமா.

"அக்கா சொல்றது நெசம் மாமா. இதோ, புடிச்சினு இருக்கேன்."

தன்னை நம்ப ஒருவன் கிடைத்தானே என்று அக்கா விம்மி அழுதாள். மாமா என் வெறும் கையையே பார்த்தார். சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைத் தாழிட்டார்.

தெருவில் வண்டிக்காரர் பெரியதம்பியிடம் அவர் சொல்வது கேட்டது.

"காலைல மெட்ராஸுக்குப் போவணும். ஒருத்தர் இல்லப்பா, ரெண்டு பேரு."

என் பிடிக்குள் இருந்த மணிக்கட்டு மெதுவாகத் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டது.