எஞ்சினில் ஓர் ஆரஞ்சுப் பந்து

தில்டாவின் அப்பா வோல்ஃப்ராமிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. காற்றாய்ப் பறக்கும் என்று அப்பா சொல்வார். பறந்ததைப் பார்த்தவர்கள்தான் குறைவு. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அது ஷெட்டை விட்டு வெளியே வரும். மற்ற நாட்களில் அப்பா அதன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைத் துடைப்பார்.

துடைப்பது என்றால் நாம் சாப்பாட்டு மேசையைத் துடைப்பது மாதிரி இல்லை. பெரிய திருகாணிக்கு ஒரு பிரஷ், சின்னத் திருகாணிக்கு ஒரு பிரஷ், திருகாணியே இல்லாத இடத்துக்கும் ஒரு பிரஷ் வைத்திருந்தார். தில்டா எட்டிப் பார்த்தால் உடனே சொல்வார்:

"தள்ளி நின்னு பாரு தங்கம். மூச்சு விடாத, ஆவி படியும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினைப் பார்க்க தில்டா பழகியிருந்தாள்.

உண்மையில் அவளுக்கு எஞ்சின் மேல் ஆசை இல்லை. அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையின் மேல்தான் ஆசை. மொத்தமே இரண்டு இருக்கைகள். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று பாலிஷ் பெட்டிக்கு. போன வருடம் அந்தப் பெட்டி சீட் பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு கம்பீரமாகப் போனது. தில்டா பின்னால் அம்மாவின் காரில் வந்தாள்.

போனது எங்கே என்றால், மலை மேல் இருக்கும் கோட்டைப் புல்வெளிக்கு. வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் சங்கத்தார் அங்கே கூடி மிகச் சுத்தமான எஞ்சினுக்கு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். கார் தானே ஓடி வந்து சேர வேண்டும் என்பது விதி. இழுத்து வந்தால் சேர்க்க மாட்டார்கள். அந்த ஒரு விதி இல்லாவிட்டால் அப்பா காரைத் தோளில் சுமந்துகூடப் போயிருப்பார்.

நடுவர் டாக்டர் ஷ்வெங்க், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு எஞ்சினையும் ஒரு விரலால் தடவுவார். போன வருடம் அந்த விரலில் கடுகளவு கறுப்பு ஒட்டிக்கொண்டது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருடம் பெட்டி அம்மாவின் காரில் வரும், பக்கத்து இருக்கை தில்டாவுக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பனிக்காலத்திலிருந்தே தில்டா காத்திருந்தாள். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும்விட்டாள்.

அந்த ஞாயிறு வந்தது. தில்டா காலையிலேயே, பயணக் காற்றுக்காகக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தயாராகிவிட்டாள். அப்பா பானட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

எஞ்சின் முழுக்க மஞ்சள் பொடி. பைன் மரங்களின் மகரந்தம். எஞ்சினுக்குப் புதிதாகப் பூசிய பெயின்ட் வாடை போகட்டும் என்று முந்தின நாள் அப்பா பானட்டையும் ஷெட் ஜன்னலையும் திறந்து வைத்து, மறந்தே போயிருந்தார். துணியால் துடைத்தால் பொடி இழுபட்டுக் கோடு கோடாக நின்றது. கழுவித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை, ஊரே சத்தமில்லாமல் ஓய்வெடுக்கும் நாள். அந்தத் தெருவில் ஞாயிறன்று யாரும் கார் கழுவ மாட்டார்கள். புல் வெட்ட மாட்டார்கள். ஆணி அடிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு திருமதி ஹெகெலேயின் நாய்கூட ஞாயிறன்று மெதுவாகத்தான் தும்மும்.

அப்பா ஷெட் கதவைச் சாத்தினார். கீழே தட்டு வைத்து, தோட்டக் குழாயைத் திருடனைப் போலச் சத்தமில்லாமல் திறந்து, எஞ்சினைக் கழுவினார். மற்ற நாளாக இருந்தால் கம்ப்ரசரைப் போட்டு இண்டு இடுக்கிலெல்லாம் காற்றடித்துக் காய வைப்பார். அதைப் போட்டால் தெருவே எழுந்துவிடும். அதனால் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். எஞ்சின் மறுபடியும் பளபளத்தது.

சாவியைத் திருப்பினார். க்ரு, க்ரு, க்ரு என்றது. அப்புறம் அமைதி. மறுபடி திருப்பினார். மறுபடி அமைதி. பெட்ரோல் இருந்தது. பேட்டரியும் நன்றாக இருந்தது. அப்பா போய்ப் பாலிஷ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் காரில் போய் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று, துக்க வீட்டுக்குக் கிளம்புகிறவர் குரலில் சொன்னார்.

தில்டா கழுத்துத் துண்டைக் கழற்றவில்லை. நேற்று ஷெட்டுக்குள் ஸ்டார்ட் ஆன கார் இன்றைக்கு ஏன் ஆகவில்லை? நடுவில் நடந்தது ஒன்றுதான். கழுவல்.

அவளுக்குத் தன் காதுக் கருவி நினைவுக்கு வந்தது. இரண்டு காதிலும் கருவி மாட்டினால்தான் அவளுக்கு நன்றாகக் கேட்கும். நீச்சல் வகுப்பு முடிந்து ஈரக் காதோடு மாட்டிக்கொண்டால் அது திடீரென்று ஊமையாகிவிடும். வெளியே பார்த்தால் துளி ஈரம் இருக்காது. உள்ளே, மெல்லிய குழாயில், ஒரே ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கும். அந்தச் சொட்டை ஊதி வெளியேற்றவே எப்போதும் பாக்கெட்டில் ஒரு ரப்பர் ஊதுபந்து வைத்திருப்பாள். எலுமிச்சம்பழ அளவு, ஆரஞ்சு நிறம், முன்னால் ஒல்லியாக ஒரு மூக்கு.

"அப்பா, இதுல குழி மாதிரி எடம் ஏதாவது இருக்கா?"

"எல்லாத்தையும் துடைச்சிட்டேன் தங்கம்."

"வெளியதானே துடைச்சீங்க. அந்தக் கறுப்பு வயர் எல்லாம் உள்ள எங்க போகுது?"

பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு என்றார் அப்பா. இந்த எஞ்சினில் பிளக்குகள் ஆழமான குழிக்குள் இருக்கும் என்று பெருமையாகவே ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். எழுந்து வந்து ஒரு வயரின் மூடியைப் பிடுங்கினார். உள்ளே குட்டிக் கிணறு மாதிரி தண்ணீர் நின்றது.

தில்டா பந்தை எடுத்து நீட்டினாள். அப்பாவின் கை பாதியில் நின்றது.

"இது காதுக்கு வைக்கிறது. கழுவினியா?"

"காலையிலதான். உங்க எஞ்சினைவிட சுத்தம்."

பந்தின் மூக்கைக் குழிக்குள் விட்டு அமுக்கினாள். புஸ். தண்ணீர் எகிறி அப்பாவின் மூக்கில் விழுந்தது. அடுத்த குழி. புஸ். அப்பாவின் இஸ்திரி போட்ட சட்டை. அப்பா அடுத்த மூடியைப் பிடுங்கினார். கடைசியில் அம்மாவின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து, மிச்ச ஈரத்தையும் காய வைத்தார்கள்.

அந்த மெல்லிய சத்தத்துக்கே கதவு தட்டப்பட்டது. திருமதி ஹெகெலே.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உள்ள என்ன சத்தம்?"

அப்பா ஹேர் டிரையரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். தில்டாதான் பதில் சொன்னாள். "எஞ்சினுக்குத் தலை காய வைக்கிறோம்."

திருமதி ஹெகெலே யோசித்தார். ஞாயிறன்று தலை காய வைக்கக் கூடாது என்று எங்கும் விதி இல்லை. "ஈரத் தலையோட வெளிய போனா சளிதான் பிடிக்கும்," என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

அப்பா சாவியைத் திருப்பினார். க்ரு என்று ஒரு முறை முனகி, கார் உறுமியது. தில்டா பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் வயிறு முதலில் திரும்பியது, கார் பிறகு திரும்பியது. அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

புல்வெளியில் டாக்டர் ஷ்வெங்க் பானட்டுக்குள் குனிந்தார். வெள்ளை விரல் தடவியது. வெள்ளையாகவே திரும்பியது. பிறகு பேட்டரி ஓரத்தில் அந்த விரல் நின்றது. அங்கே ஓர் ஆரஞ்சுப் பந்து. அவசரத்தில் தில்டா அதை எடுக்க மறந்திருந்தாள். வேண்டாத பொருள் உள்ளே இருந்தால் மதிப்பெண் போய்விடும். தில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

அப்பா வெள்ளிக் கோப்பையைப் பார்த்தார். தில்டாவைப் பார்த்தார்.

"இந்த எஞ்சின்லயே முக்கியமான பாகம் அதுதான், டாக்டர்."

தனக்குத் தெரியாத பாகம் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள டாக்டருக்கு மனம் வரவில்லை. ரொம்ப அபூர்வமான பாகம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவரவர் எஞ்சினைக் கவலையோடு பார்த்தார்கள். ஒருவர் அப்பாவின் காதருகே வந்து, அது வெள்ளி நிறத்தில் கிடைக்குமா என்று ரகசியமாகக் கேட்டார்.

ஆனாலும் பட்டியலில் இல்லாத பாகம் என்று மதிப்பெண் குறைந்து, கோப்பை வேறு ஒருவருக்குப் போனது. அப்பா கை தட்டினார். பிறகு இரண்டு சாசேஜும், பிரெட்செல் என்ற முடிச்சு ரொட்டி ஒன்றும் சாப்பிட்டார். பந்தைத் துடைத்து தில்டாவிடம் கொடுத்தார்.

திரும்பும்போது வானம் கறுத்தது. கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது. வலது பக்கம் திரும்பினால் சீக்கிரம் வீடு. இடது பக்கம், திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஆற்றோரமாக வளைந்து வளைந்து போகும் நீண்ட பாதை.

அப்பா இடது பக்கம் திருப்பினார்.

"அப்பா, மழை வருது. உள்ள ஈரமாயிடும்."

"ஆகட்டும்," என்றார் அப்பா. "பந்து உன் பாக்கெட்லதானே இருக்கு?"